பழைய ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினை மாற்றும்போது டார்க் கன்வர்ட்டரை ஏன் கியர்பாக்ஸிலேயே விடச் சொல்கிறார்கள்?

டார்க் கன்வர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், மேனுவல் காரில் கிளட்ச் இருக்கும் இடத்தில் சுழலும், எண்ணெய் நிரம்பிய உருண்டைக் கலம். இன்ஜின் பக்கம் அது ஃபிளெக்ஸ்பிளேட் என்ற மெல்லிய தகட்டோடு சில போல்ட்டுகளால் இணைந்திருக்கும். மறுபக்கம் போல்ட்டே கிடையாது. அதன் கழுத்து கியர்பாக்ஸுக்குள் சொருகி, அங்குள்ள ஆயில் பம்பைச் சுழற்றுகிறது.

அதனால் இன்ஜினைத் தூக்கும் முன் அந்த போல்ட்டுகளைக் கழற்றி, கன்வர்ட்டரைப் பின்னால் தள்ளிவிடுங்கள். இன்ஜினோடு சேர்ந்து வந்தால் எண்ணெய் கொட்டும், சீலும் கெடலாம்.

உண்மையான ஆபத்து திரும்ப மாட்டும்போதுதான். மிக்ஸி ஜாரை லேசாகத் திருப்பி வைத்தால்தான் அடியில் பல் பொருந்தி 'டக்' என்று இறங்கும், இல்லையா? இதுவும் அப்படித்தான், ஆனால் ஒரு 'டக்' போதாது. 1970களின் ஷெவர்லே கார்களில் வந்த டர்போ 350 கியர்பாக்ஸில் தண்டு, ஸ்டேட்டர் (கன்வர்ட்டருக்குள் எண்ணெயின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் பகுதி), பம்ப் என மூன்று இடங்களில் பொருந்த வேண்டும். உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புங்கள், கடைசி 'டக்' வரை விடாதீர்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் கையால் தள்ளியே ஒட்டிக்கொண்டு, தகட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒட்டாமல் நின்றால், அவை இரண்டையும் இணைக்கும் போல்ட்டை முறுக்க முறுக்கக் கன்வர்ட்டர் தானாக உள்ளே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, பம்ப்தான் உடையும்.