ஸ்கார்லாட்டி சொனாட்டா கே.141 (கே. என்பது கர்க்பாட்ரிக் பட்டியல் எண்): கை இறுகிப்போவது பற்றி

இசையமைப்பாளர் டொமெனிக்கோ ஸ்கார்லாட்டியின் இந்த டி மைனர் சொனாட்டாவைப் பியானோவில் வாசிக்கும்போது, ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் கை இறுகுகிறது, இடது கை கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) நாராசமாக இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஒரே விரலால் தட்டாமல் 3-2-1 (நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல்) என்று மாற்றிக்கொண்டே போங்கள், மணிக்கட்டு தளர்வாக இருக்கட்டும், வேகம் அப்புறம் தானாக வரும். அந்த நெருக்கமான கார்டுகள் அச்சுப்பிழை இல்லை. மனிதர் 1685-இல் நேபிள்ஸில் பிறந்தாலும், போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு ஆசிரியராகி, 1729-இல் அவர் ஸ்பெயினுக்கு மருமகளாகப் போனபோது கூடவே போய், 1757-இல் மாட்ரிட்டில் இறந்தவர், அந்த ஊர்க் கிதார் காதில் விழாமலா இருந்திருக்கும்? அதன் சாயல்தான் இந்தக் கார்டுகள். பெடலை மிதித்து மழுப்பிவிடாதீர்கள். இந்தச் சொனாட்டாக்களைத் தொகுத்த லாங்கோவின் பதிப்பில் இதற்கு எண் எல்.422, ஆனால் அவர் இந்த மாதிரிக் கரகரப்புகளைத் திருத்தும் பழக்கமுள்ளவர், வேறு பதிப்பு பாருங்கள்.