மூன்று கிலோ குறைக்க ஐம்பதாயிரம் தரலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கேன் அண்ணா. என் எடை 68 கிலோ. தினமும் பாலக்காட்டுக்குச் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன், மாசம் ஒருதரம் நெல்லியாம்பதி ஏறுவேன். இப்ப இருக்கிறது 14 கிலோ ஸ்டீல் சைக்கிள், பட்டன் டயர். 11 கிலோ அலுமினியம் 50,000 ரூபாய், 9 கிலோ கார்பன் 1,40,000 ரூபாய்னு கடையில சொல்றாங்க. எதை எடுத்தா மிதிக்கச் சுலபமா இருக்கும்?

பதில்: தம்பி, மலையிலிருந்தே ஆரம்பிப்போம். எடைக்கு உண்மையான மதிப்பு அங்கேதான். ஏற்றத்தில் நீங்கள் மேலே தூக்குவது சைக்கிளை மட்டுமல்ல, உங்கள் உடம்பையும் சேர்த்துத்தான். இப்போது மொத்தம் 82 கிலோ. போத்துண்டி அணை தாண்டி 500 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள், ஏறுவதற்கு மட்டும் கால் 150 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 44 நிமிடம் 40 விநாடி ஆகும். அலுமினியத்தில் போனால் 43 நிமிடம். கார்பனில் 42 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு போட்டிக்காரருக்கு அலுமினியம் மிச்சப்படுத்தும் அந்த ஒன்றரை நிமிடம் உயிர். மாதம் ஒருமுறை மலை ஏறுகிற உங்களுக்கு அது ஒரு கட்டன் சாயா குடிக்கிற நேரம்கூட இல்லை.

சமதரையில் எடை இன்னும் குறைவாகத்தான் பேசும். 20 கிலோமீட்டர் வேகத்தில் 3 கிலோ குறைந்தால் மிச்சமாவது சுமார் 1 வாட். இங்கிலாந்தில் ஜெரமி குரோவ்ஸ் என்ற மருத்துவர் இதைத் தன் காலாலேயே சோதித்தார். 13.5 கிலோ பழைய ஸ்டீல் சைக்கிள் ஒன்று, 9.5 கிலோ கார்பன் ஒன்று. எதில் போவது என்று காசு சுண்டிப் பார்த்து, போக வர 43 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வந்தார். 2010இல் முடிவை வெளியிட்டார். இரண்டுக்கும் சராசரி 1 மணி 47, 48 நிமிடம்தான். கார்பன் முந்தவே இல்லை.

அப்படியென்றால் உங்கள் காலைத் தின்பது எது? காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில் குடியிருக்கிற நமக்குப் பழமொழி இல்லை, அன்றாடம். கொழிஞ்சாம்பாறையில் பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தானே சைக்கிளை எடுக்கிறோம்? ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிறது, காலையில் நெஞ்சில் வாங்குகிறீர்கள். மார்கழியில் கிழக்கிலிருந்து, வீடு திரும்பும்போது வாங்குகிறீர்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் காற்று இருந்தால், காற்று தடுக்கிற விசை மூன்று மடங்காகும். எந்த ஃபிரேமாலும் அதைக் குறைக்க முடியாது. குனிந்து, முழங்கையை மடக்கி, தோளைச் சுருக்கி உட்கார்ந்தால் குறையும். ஹேண்டில்பார் உயரமாக இருந்தால் அடியில் இருக்கும் வளையம் ஒன்றிரண்டை எடுத்து மேலே போட்டு இறக்குங்கள், செலவே இல்லை. முதுகில் மாட்டுகிற பையைக் கேரியருக்கு மாற்றுங்கள்.

அடுத்தது அந்தப் பட்டன் டயர். அதன் ஒவ்வொரு பட்டனும் தார் ரோட்டில் நசுங்கி எழும்பும்போது உங்கள் உழைப்புச் சூடாகப் போய்விடுகிறது. வழுவழுப்பான நல்ல 35 மில்லிமீட்டர் டயர் ஒரு ஜோடி போட்டால், அதே வேகத்துக்கு 15, 20 வாட் மிச்சமாகும். 3 கிலோ தருகிற 1 வாட்டோடு இதை வைத்துப் பாருங்கள். உங்கள் எடைக்குக் காற்று 60 பிஎஸ்ஐயை ஒட்டி இருந்தால் போதும். கல்லாக அடைத்தால் ரோட்டின் நடுக்கமெல்லாம் கைக்கு வரும்.

இனி ஃபிரேம். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம். ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் அலுமினியக் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். ‘அலுமினியம் முதுகை உடைக்கும், ஸ்டீல் மெத்தை’ என்று கேட்டிருப்பீர்கள். டயர் அகலமும் காற்றும் சரியாக இருந்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது என்பது என் அனுபவம்.

எனக்குக் கவலை உடைந்தால் என்ன என்பதில். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு அலுமினிய ஃபிரேமில், பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற செயின் ஸ்டே குழாயின் அடியில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. பெயிண்ட் கீறல் என்று உரிமையாளர் நினைத்திருந்தார். பெடலை அழுத்தினால் கோடு திறந்து மூடியது. வெளியே ஒரு இடத்தில் வெல்டிங் வைத்து வந்தோம், வெல்டிங் நின்றது, அதன் பக்கத்திலேயே மறுபடி வெடித்தது. அலுமினியம் சூடுபட்டால் அந்த இடத்தில் பலம் போய்விடும், முறையாகச் சூடுபடுத்திப் பதப்படுத்தினால்தான் திரும்பும். அந்த ஃபிரேமை நான் ஒத்துக்கொண்டு கொடுத்திருக்கக் கூடாது. அவர் விழாமல் தப்பியது அவர் அதிர்ஷ்டம். கார்பன் மிதிக்கும் பாரத்தைப் பிரமாதமாகத் தாங்கும். ஆனால் பஸ் மேல் கட்டி இறுக்கினாலோ, சீட் கிளாம்பைக் கண்மூடித்தனமாக முறுக்கினாலோ உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது.

ஸ்டீல் கைவிடாது, துருவைத் தவிர. இன்றைக்கே சீட் போஸ்ட்டைக் கழற்றி சைக்கிளைத் தலைகீழாகப் பிடியுங்கள். நம் ஊர் இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) ஓட்டிய வண்டியென்றால் செந்நிறத் தண்ணீர் சொட்டும். வடியவிட்டு, இரண்டு நாள் காயவைத்து, குழாய்க்குள் எண்ணெய் விட்டுச் சுழற்றி, போஸ்ட்டில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பெயிண்ட் கொப்பளித்த இடத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பயமில்லை. சத்தென்று கேட்டாலோ, குழாய் உள்வாங்கினாலோ மட்டும் புது வண்டி யோசிக்கலாம், அதுவும் அந்த 11 கிலோ அலுமினியம் போதும்.

ஃபிரேம் நன்றாக இருந்தால், டயரோடு, பெரிய பல்சக்கரத்தில் 34 பல் உள்ள கேசட்டும் (பின்சக்கரத்தின் கியர் பல்சக்கர அடுக்கு) ஒன்று போடுங்கள். செயினும், கியர் மாற்றும்போது செயினைத் தள்ளுகிற டிரெய்லியரும் அதற்கு ஒத்துவருமா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். போத்துண்டிக்கு மேலே முட்டி வலித்ததென்றால், காரணம் 3 கிலோ இல்லை, பின்னால் பல் போதாததுதான்.