தானே நகரும் புல் வெட்டும் மெஷின் ஏற்றத்தில் நின்றால் கியர்பொக்ஸை மாற்ற வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி: இஞ்சின் நன்றாக ஓடுகிறது, பிளேடும் வெட்டுகிறது. சமதரையில் மெஷின் மெல்ல நகர்கிறது, கேற்றடி ஏற்றத்தில் மட்டும் நின்றுவிடுகிறது. திருத்தும் இடத்தில் கியர்பொக்ஸ் போய்விட்டது என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கியர்பொக்ஸின் பல் தேய்ந்தால் கரகரவென்று சத்தம் வரும், அல்லது ஒரேயடியாக இழுக்காமல் போகும். சமதரையில் இழுத்து ஏற்றத்தில் கைவிடுவது வழுக்குகிற பெல்ட்டின் குணம். காசு கொடுக்க முன் அதைப் பாருங்கள்.

எனக்கும் இதே கதை நடந்தது. கொழும்பை அடுத்த கல்கிசையில் மாமி வீட்டுப் புற்தரையை நான்தான் கவனிக்கிறேன். 2022 இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் மெஷினைக் கராஜ் மூலையில் நிறுத்திவிட்டோம். அடுத்த வருடம் எடுத்து ஓட்டினால் படியோரச் சரிவில் ஏற மறுத்தது. கியர்பொக்ஸ் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். கேட்ட விலை புது மெஷினில் பாதிக்குக் கிட்ட. மனம் ஒப்பாமல் திருப்பிக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோளாறு கைப்பிடி லீவரிலிருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் கேபிளில் இருந்தது. கடற்காற்றில் உறைக்குள் கம்பி துருப்பிடித்து, லீவரை முழுதாக அழுத்தினாலும் மறுமுனை பாதிதான் இழுபட்டது.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால் பிழையைத் தேடுவது சுலபம். பிளேடுக்கு மேலே, இஞ்சின் தண்டில் ஒரு சிறு கப்பி இருக்கும். அதிலிருந்து ஒரு வி பெல்ட், அதாவது கப்பியின் வி வடிவப் பள்ளத்தில் ஓடும் ரப்பர் பெல்ட், பின்னால் உள்ள கியர்பொக்ஸுக்குப் போகிறது. நீங்கள் லீவரை அழுத்தும்போது கேபிள் கியர்பொக்ஸையே சற்றுச் சாய்த்து பெல்ட்டை இறுக்கும். சில மெஷின்களில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும், கேபிள் உள்ளே இருக்கும் கிளச்சை இழுக்கும். எப்படியானாலும் கேபிள் முழுதாக இழுக்காவிட்டால் பிடிமானம் அரைகுறைதான். கியர்பொக்ஸின் அச்சு இரு பக்கமும் நீண்டு, நுனியில் ஒவ்வொரு சிறு பல்சக்கரம் இருக்கும். அவை சக்கரத்தின் உட்புறப் பற்களைத் தள்ளுகின்றன.

முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இதை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். பிளேடைக் கையால் திருப்பினால்கூட இஞ்சின் பற்றிக்கொள்ளலாம். விரல் போனால் திரும்ப வராது.

பிறகு லீவரை அழுத்திப் பிடித்தபடி மெஷினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல மெஷின்களில் இரு சக்கரமும் உருளாமல் இறுகிப் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் கியர்பொக்ஸிலிருந்து சக்கரம் வரை நல்லது. பெல்ட்டையும் கேபிளையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உருண்டால் அந்தப் பக்கப் பல்சக்கரத்தில் கோளாறு. இரண்டும் உருண்டால் கேபிள், அதுவும் சரியென்றால்தான் கியர்பொக்ஸ்.

கேபிளுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை அழுத்தட்டும், மற்றவர் பின்னால் குனிந்து கேபிள் முனையில் உள்ள ஸ்பிரிங் விரிகிறதா என்று பார்க்கட்டும். தளர்வாக இருந்தால் கேபிளில் இருக்கும் திருகை இரண்டு மூன்று சுற்றுத் திருப்பினாலே போதும். அளவுக்கு மிஞ்சி இறுக்காதீர்கள். லீவரை விட்ட பிறகும் மெஷின் ஊர்ந்தால் அது ஆபத்து, பெல்ட்டும் சீக்கிரம் தேயும். எனக்கு மோட்டார் சைக்கிள் கேபிள் விற்கும் கடையில் அளவுக்குச் செய்து தந்தார்கள். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். உறையின் நீளமும் வெளியே நிற்கும் கம்பியின் நீளமும் இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

அப்புறம் பெல்ட். மெஷினைச் சாய்க்கும்போது கார்பரேட்டரும் எயார் ஃபில்டரும் மேலே இருக்கும் பக்கமாகச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் ஃபில்டரில் இறங்கி வேறொரு தலையிடி தொடங்கும். பெல்ட் மூடியைக் கழற்றினால் உள்ளே புல் களிமண் மாதிரி அடைந்திருக்கும். கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. ஒக்டோபர், நவம்பரில் ஈரப் புல்லை வெட்டாமல் இருக்க முடியாது. அந்தச் சகதியே பெல்ட்டை வழுக்க வைக்கும். முதலில் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். மண்ணெண்ணெய் பெல்ட்டில் பட வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்தாலோ, வெடித்திருந்தாலோ, கப்பிப் பள்ளத்தின் அடியைத் தொடும் அளவு மெலிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். வி பெல்ட் பக்கச் சுவரால்தான் பிடிக்கிறது, அடியால் அல்ல.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பெல்ட் கடைகள் நிறைய. பெல்ட்டில் எண் அழியாமல் இருந்தால் நல்லது: 3எல் 330 என்றால் அகலம் 3/8 அங்குலம், வெளிச்சுற்று 33 அங்குலம். அளவு மட்டும் பொருந்தினால் போதாது. கிளச்சுப் போல இறுகித் தளரும் பெல்ட்டுக்கு வெளியே துணி சுற்றியிருக்கும்; சாதாரண வாகன பெல்ட் அந்த உரசலைத் தாங்காது.

சக்கரத்தைக் கழற்றினால் இடப் பல்சக்கரத்தையும் வலப் பல்சக்கரத்தையும் கலந்துவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும்படி செய்திருப்பார்கள். நான் கேபிளை மாற்றியபோது இவற்றைப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டேன்; ஓட்டியபோது சக்கரம் இரண்டும் சும்மா நின்றன. நல்ல கேபிளைச் சந்தேகித்து அரை நாள் போனது. கழற்றும்போதே ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சக்கரத்தின் உட்பற்கள் வட்டமாகத் தேய்ந்திருந்தால் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். புதுப் பல்சக்கரம் மட்டும் போட்டால் அதுவும் கெட்டுவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்து, கியர்பொக்ஸின் கப்பி சுற்றியும் அச்சு சுற்றாமல் நின்றால்தான் கியர்பொக்ஸ். அப்போதும் அதைத் திறந்து, தேய்ந்த பல்லைக் காட்டச் சொல்லுங்கள். முதலில் அந்தப் பின்னால் இழுக்கும் சோதனையைச் செய்து, எந்தச் சக்கரம் உருண்டது என்று எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.