பட்டறையில் நடந்த போல்ட்டும் ஒரு பிரெஞ்சுக்காரரும்

அண்ணா, வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்களும் அண்ணியும் உங்க மகனை, நம்ம தம்பியை, மேல்படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தீங்க. அவன் எதிரில் சில விஷயங்களைப் பேசத் தயங்கி, எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இதே கவலையோடு வருகிற மற்ற பெற்றோரும் படிக்கட்டும் என்று, உங்க அடையாளம் எதுவும் தெரியாதபடி எழுதியிருக்கிறேன்.

நீங்க கேட்டது: "பாட்டுக்கு வீடியோ எடுக்கறதெல்லாம் ஒரு பொழப்புங்களா?" தம்பி பதிலுக்குச் சொன்னது ஒரே ஒரு பெயர், மிஷெல் கோந்த்ரி. அதைக் கேட்டு நீங்க என்னைப் பார்த்த பார்வையிலேயே 'இது எந்த யூடியூப் பையனோ' என்பது தெரிந்தது. அவர் உங்களைவிட மூத்தவர். 1963-இல் பிரான்சின் வெர்சாய் நகரில் பிறந்த இயக்குநர், பாட்டு வீடியோவும் சினிமாவும் எடுப்பவர். யூடியூப் வந்தது 2005-இல். அவருடைய பேர்போன பாட்டு வீடியோக்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே, சனங்கள் டிவியில் பாட்டு பார்த்த காலத்திலேயே வந்துவிட்டன.

அவர் கதை முழுவதும் உங்களுக்கு வேண்டாம். தம்பி எதற்காக அவரைப் பிடித்துக்கொண்டான் என்பது தெரிந்தால் போதும். அன்றைக்கு போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினீங்களே, உங்க பட்டறையில் அவன் எடுத்த ஐம்பது விநாடி, போல்ட்டும் நட்டும் தானாக நடந்து வந்து வரிசை கட்டுவது. "படிக்கற நேரத்துல இந்த விளையாட்டு, அதையும் இருநூத்திச் சில்லறை பேர்தான் பாத்திருக்காங்க" என்று சொல்லிக் காட்டினீங்க. நான் அதில் பார்த்தது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோந்த்ரி பாரிஸில் ஓவியக் கல்லூரியில் படித்தபோது நண்பர்களோடு ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தார். இவர் டிரம்ஸ். குழுவின் பாட்டுகளுக்கு இவரே அனிமேஷன் செய்து வீடியோ எடுத்தார். அதில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 1993-இல் தன் பாட்டுக்கு இவரைக் கூப்பிட்டார். அப்போது இவருக்கு முப்பது வயது. அந்த முப்பதைக் கவனியுங்க. இருபத்திரண்டில் படிப்பு முடியும், இருபத்து மூன்றில் செட்டில் ஆகிவிடுவான் என்ற கணக்கு இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது. இன்னொன்று, இவருடைய தாத்தா கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947-இல் கிளாவியோலின் என்ற மின்னணு கீபோர்டைக் கண்டுபிடித்தவர். எதையாவது பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கைவாகு வந்துவிடும். உங்க வீடும் அப்படித்தான்.

தம்பியோடு உட்கார்ந்து ஒரே ஒரு வீடியோ பாருங்க. கெமிக்கல் பிரதர்ஸ் என்ற இசைக்குழுவின் 'ஸ்டார் கிட்டார்', 2002-இல் வந்தது. ஓடுகிற ரயிலின் ஜன்னலிலிருந்து வெளியே பார்க்கிற காட்சி, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் வரைக்கும் 'இதில் என்ன இருக்கு' என்று தோன்றும். அப்புறம் பிடிபடும். டிரம் ஒரு அடி விழுந்தால் ஒரு கம்பம் கடக்கிறது. இன்னொரு ஒலி வந்தால் ஒரு கட்டடம். அதே ஒலி திரும்ப வந்தால் அதே கட்டடம் திரும்ப வருகிறது. காதில் கேட்கிற பாட்டு அப்படியே ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

நீம் என்ற ஊருக்கும் வலான்ஸ் என்ற ஊருக்கும் நடுவே ஓடுகிற ரயிலில், கையடக்க டிஜிட்டல் கேமராவை வைத்து, வெவ்வேறு நேர வெளிச்சத்துக்காகப் பத்துத் தடவை எடுத்த படம்தான் அதற்கு மூலம். பிறகு கம்ப்யூட்டரில் கோத்தார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பு கோந்த்ரி பாட்டின் ஒவ்வொரு ஒலியையும் கிராஃப் தாளில் குறித்திருக்கிறார். ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, கேசட், புத்தகம், ஷூ என்று கையில் கிடைத்ததை வரிசையாக அடுக்கி, எந்த ஒலிக்கு எது வர வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருக்கிறார். டிராயிங் இல்லாமல் லேத்தில் ஜாப் ஏற்ற மாட்டீங்க இல்லையா, அது மாதிரி.

இதைவிட உங்களுக்குப் பிடிக்கப் போவது கைலி மினோக் என்ற பாடகிக்கு அதே வருஷம் எடுத்தது. பாரிஸை ஒட்டிய ஒரு நாற்சந்தியை அவர் ஒரு சுற்று சுற்றி வருகிறார். இரண்டாம் சுற்றில் அவரே இரண்டு பேர், மூன்றாவதில் மூன்று பேர், நாலாவதில் நாலு பேர். தெருவில் போகிற சனமும் கூடவே பெருகுகிறது. ஒவ்வொரு சுற்றையும் தனியாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது அது. அப்படி அடுக்க வேண்டுமென்றால் கேமரா ஒவ்வொரு தடவையும் நூல் பிசகாமல் ஒரே பாதையில், ஒரே வேகத்தில் போயாக வேண்டும். கையால் ஆகிற காரியம் இல்லை. கம்ப்யூட்டர் ஓட்டுகிற கேமரா, மோஷன் கன்ட்ரோல் என்பார்கள். உங்க சி.என்.சி. மெஷின் ஒரு தடவை புரோகிராம் போட்டால் எல்லாப் பீஸையும் ஒரே மாதிரி வெட்டுகிறதே, அதே வேலைதான். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்க மெக்கானிக்கல் என்கிறீங்க, அவன் வீடியோ என்கிறான், ரெண்டு பேரும் ஒரே மெஷினுக்கு ரெண்டு பக்கம் நின்று சண்டை போடுகிறீங்க.

தம்பியின் போல்ட் வீடியோவுக்கு அண்ணன்மார் இரண்டு உண்டு, இரண்டுமே ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற இசைக்குழுவுக்கு கோந்த்ரி எடுத்தவை. 2002-இல் வந்தது லெகோ கட்டைகளை ஃப்ரேம் ஃப்ரேமாக, ஒவ்வொரு படமாகக் கட்டிக் கட்டி எடுத்தது. பாட்டு ரெண்டு நிமிஷம்கூட வராது. அடுத்த வருஷத்து வீடியோவில் ஒவ்வொரு அடிக்கும் தெருவில் ஒரு புது டிரம் செட் முளைக்கும். அதற்கு ஒரே மாதிரி 32 செட் வைத்திருந்தார்கள்.

நீங்க வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தப்ப தம்பியிடம் "எத்தனை போட்டோ?" என்று கேட்டேன். "அறுநூறு மேடம். விநாடிக்குப் பன்னெண்டு. நானூறு எடுத்தப்புறம் பட்டறை ஷட்டர் சந்துல வெயில் வந்து கலர் மாறிடுச்சு. படுதா கட்டிட்டு ராத்திரில மறுபடியும் முதல்ல இருந்து எடுத்தேன்" என்றான். பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட நோட்டையும் காட்டினான், எந்த நட்டு எத்தனையாவது படத்தில் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு. அந்த நோட்டை நீங்க பார்த்திருக்கிறீங்களா? இருபது வருஷமாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். 'எனக்கு டைரக்டர் ஆகணும்' என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பிடித்த படங்களின் பட்டியல் வைத்திருப்பார்கள். நோட்டு வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அதற்காக அவனைத் தூக்கி வைத்துப் பேசவும் மாட்டேன். கடைசிப் பதினைந்து விநாடி சரக்கு தீர்ந்துவிட்டது, முன்னால் செய்ததையே திரும்பச் செய்கிறான். அவனிடமும் சொன்னேன். வேதியியலில் மார்க் இறங்கியிருப்பதற்கு கோந்த்ரியைக் காரணம் காட்டுவதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த இருநூத்திச் சில்லறைக்கு வருகிறேன். 2007-இல் கோந்த்ரி ஒரு சின்ன வீடியோ போட்டார், காலால் ரூபிக் க்யூபைச் சேர்க்கிற மாதிரி. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் சிலர் பதில் வீடியோ போட்டு உடைத்தார்கள்: சேர்ந்திருந்த க்யூபைக் காலால் கலைத்துவிட்டு, படத்தைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார். மனுஷன் சளைக்காமல் மூக்கால் சேர்க்கிற மாதிரி இன்னொன்று போட்டார். எனக்கு அவரைவிட, கண்டுபிடித்த அந்தக் கூட்டத்தைத்தான் பிடித்தது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, 'எப்படிச் செய்தான்' என்று பிரித்துப் பார்க்கிறார்களே, தம்பிக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டுக் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போவதும், இருபது பேர் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதும் ஒன்று இல்லை.

எண்ணிக்கையை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு டிக்டாக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் ஃபாலோயர்ஸ். 'உனக்கென்னம்மா, ஆளுங்க இருக்காங்க' என்று தைரியம் சொன்னதே நான்தான். 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஒரே ராத்திரி. அவளிடம் மிச்சம் என்ன என்று பார்த்தால், எடிட்டிங் ஒழுங்காகக் கற்றிருக்கவில்லை, எடுத்த வீடியோக்களின் மூலத்தைக்கூட தனியாகச் சேமிக்கவில்லை. அதிலிருந்து யார் ஃபாலோயர் கணக்கைக் காட்டினாலும், 'ஒரிஜினல் ஃபைல் எங்கே வைத்திருக்கிறாய்?' என்றுதான் முதலில் கேட்கிறேன். தம்பிக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்க. அவன் கேட்கிற ஒரு லட்ச ரூபாய் கேமராவை இப்போது வாங்காதீங்க.

இனி பொழப்பு. பாட்டு வீடியோ மட்டும் எடுத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் எந்த ஊரிலும் குறைவு. கோந்த்ரியே விளம்பரம் எடுத்தவர்தான். 1990-களின் நடுவில் லீவைஸ் ஜீன்ஸுக்கு அவர் எடுத்த கறுப்பு வெள்ளை விளம்பரம், அதிக விருது வாங்கிய டிவி விளம்பரம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பாட்டு வீடியோவில் சோதித்துப் பார்த்ததை விளம்பரத்தில் விற்பார். ஆள் அசையாமல் உறைந்து நிற்க, கேமரா மட்டும் சுற்றி வருகிற உத்தியை 1995-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழுவின் பாட்டு வீடியோவில் முயன்றார், அப்புறம் ஒரு வோட்கா விளம்பரத்தில். அந்த வகை உத்தி 1999-இல் மேட்ரிக்ஸ் படத்தில் வந்தபோதுதான் ஊரே பேசியது. சினிமாவில் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது 2005-இல், திரைக்கதைக்கு, மற்ற இருவரோடு பங்கு போட்டு.

நம் ஊரில் இந்தத் துறையின் வருமானம் நகைக்கடை, ஜவுளிக்கடை, பம்ப்செட், கிரைண்டர் விளம்பரங்களிலும், கல்யாண வீடியோவிலும், கம்பெனிகளுக்கு ரீல்ஸ் செய்து தருவதிலும், எடிட்டிங், விஎஃப்எக்ஸ் (கம்ப்யூட்டரில் காட்சி சேர்ப்பது) வேலைகளிலும் இருக்கிறது. பணம் ஒண்ணாம் தேதி வராது. ஜாப் ஒர்க் பில்லுக்கு மூணு மாசம் காத்திருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

படிப்பு விஷயம். சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய நாலு வருஷப் பட்டப்படிப்புகள்: ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, இயக்கம், அனிமேஷன்-விஎஃப்எக்ஸ். அரசு நிறுவனம், ஆனால் சீட் கொஞ்சம்தான். அகமதாபாத் என்.ஐ.டி.யில் (இன்ஜினியரிங் என்.ஐ.டி. இல்லை, தேசிய டிசைன் நிறுவனம்) டிசைன் பட்டப்படிப்பில் அனிமேஷன் உண்டு. நுழைவுத் தேர்வில் வரையவும் யோசிக்கவும் சொல்வார்கள், தம்பியின் நோட்டைப் பார்த்தால் அவன் அதற்குத் தயாராகலாம் என்று தோன்றுகிறது. புனே, கல்கத்தா திரைப்பட நிறுவனங்களின் முக்கியப் படிப்புகளுக்கு ஒரு டிகிரி கையில் வேண்டும், அதை இப்போது விட்டுவிடுங்க. விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் பல கலைக் கல்லூரிகளில் இருக்கிறது, தரம் இடத்துக்கு இடம் மலைக்கும் மடுவுக்குமாக மாறும். விளம்பர நோட்டீஸை நம்பாமல் நேரில் போய், கடைசி வருஷப் பிள்ளைகள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்க, ஒரு கேமராவுக்கு எத்தனை பேர் என்று கேளுங்க.

இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கும் பதிவு செய்யுங்க. சினிமா இயக்குநர் கார்த்திக் சுப்பராஜ் இன்ஜினியரிங் படித்து வேலை பார்த்தவர், டிவியில் நடந்த குறும்படப் போட்டி வழியாக வந்தவர். ஆனால் 'முதல்ல இதை முடி, அப்புறம் உன் இஷ்டம்' என்று பேரம் பேசி அனுப்பாதீங்க. அரியரோடு திரும்பி வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த மோஷன் கன்ட்ரோல் கேமராவைச் செய்து பார்க்க ஆசையா, அதை வைத்து எடுக்க ஆசையா என்று அவனிடமே கேளுங்க. முதலாவது என்றால் மெக்கானிக்கல் அவனுக்குச் சுற்று வழி ஆகாது.

முடிவெடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு காரியம் செய்யலாம். பரீட்சை முடிந்த மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு உங்க பட்டறைக்கு முப்பது விநாடி விளம்பரம் ஒன்று கேளுங்க. க்ளையண்ட் நீங்க. மூணு வாரம் கெடு, மூவாயிரம் ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. பட்டறைக்குள் இருக்கிற சாமான்தான், வெளியிலிருந்து எதுவும் வரக் கூடாது. அவன் முதலில் காட்டுவது நன்றாகவே இருந்தாலும் ஒரு திருத்தம் சொல்லுங்க. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போகிறானா, 'ஏன்பா, எந்த இடத்துல?' என்று கேட்கிறானா என்று பாருங்க. வீடியோ நல்லா இருக்கா இல்லையா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், இதை நீங்கதான் பார்க்க முடியும். கெடு தாண்டினால் திட்டாதீங்க, எத்தனை நாள் தாண்டியது என்று குறித்து மட்டும் வையுங்க.

முடிந்ததும் மூணு பேரும் வாங்க. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், இங்கே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டட்டும். நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை எனக்கு வெளியூர் வேலை, மற்ற நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருப்பேன்.