சிவப்பாக இருந்தால் செம்பாசியா?

உடலில் சுண்ணாம்பு ஏறிக் கல்போல் இறுகும் கடல்பாசி, அதாவது சுண்ணாம்புச் செம்பாசி, கடலடியில் கட்டும் படுகைகளைப் பற்றிக் கோத்தகிரி வாசகர் வட்டத்தில் பேசினேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பாசி ஆராய்ச்சியிலேயே முடி நரைத்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

குன்னூர் மாணவி: ரோடோலித், மேர்ல், கோரலிஜினஸ் என்று மூன்று பெயர் வருகிறது சார். எப்படிப் பிரிப்பது?

பெயரை அப்புறம் பார்க்கலாம்மா. பாறையில் ஒட்டியிருக்கிறதா, தனியாக உருளுகிறதா? அதை முதலில் பார். உருண்டால் ரோடோலித். என் மேசையில் நெல்லிக்காய் அளவில் ஒன்று கிடக்கிறது, ராமேஸ்வரம் பக்கம் கரை ஒதுங்கியது. அதன் ஜோடியை உடைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு சிப்பித் துண்டு, அதைச் சுற்றி வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் பாசி. ஒடிந்த கிளைகளே வளர்ந்து, இஞ்சித் துண்டுகளைக் கொட்டி வைத்தது போலக் கிடந்தால் மேர்ல். பிரெட்டன் மொழிச் சொல். ரோடோலித்தில் அதுவும் ஒரு வகைதான். பாறையில் படிந்து படிந்து திட்டாக உயர்ந்ததை மத்தியதரைக் கடலில் கோரலிஜினஸ் என்பார்கள். பெயரில்தான் பவளம், கட்டுவது பெரும்பாலும் பாசி.

அடுத்தது, உயிரோடு இருக்கிறதா? இளஞ்சிவப்பு என்றால் உயிருள்ளது, வெளுத்துப்போனது செத்தது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதே. இனப் பெயர் கடைசியில். அலை புரட்டும் இடத்தில் உருண்டையாகும் அதே இனம், அமைதியான இடத்தில் கிளைவிடும். வெளித்தோற்றத்தை வைத்து இனம் சொல்பவரை நம்பாதே. இனப்பெருக்கக் குழியின் கூரையில் துளை ஒன்றா பலவா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இப்போது டிஎன்ஏவும் பார்க்கிறார்கள்.

கோத்தகிரி வாசகர்: எங்கள் மரங்களில் செம்மஞ்சளாகப் படர்வது இந்தப் பாசிதானே?

இல்லை. அது டிரென்டிபோலியா, பச்சைப்பாசி. உள்ளே இருக்கும் கரோட்டின் நிறமி பச்சையை மறைக்கிறது. நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

தேயிலைத் தோட்டக்காரர்: இலையில் வரும் சிவப்புத் துரு?

அதுவும் பச்சைப்பாசியின் வேலை. மேலே சொன்ன டிரென்டிபோலியாவுக்கு உறவுக்காரன்.

கேத்தி விவசாயி: கடல்பாசிச் சுண்ணாம்பு என்று மூட்டை விற்கிறார்கள். கேரட்டுக்குப் போடலாமா?

மண்ணின் புளிப்பு குறையும். டோலமைட்டும், அதாவது மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூளும், அதைத்தான் செய்கிறது. இப்படிச் சுண்ணாம்புக்காக வாரும் மேர்ல் ஆண்டுக்கு வளர்வது சுமார் 1 மில்லிமீட்டர்தான். பிரான்சின் பிரெட்டனி கடலோரத்தில் வயலுக்கென்றே வாரி வாரிப் படுகைகளைக் காலி செய்தார்கள்.

மீண்டும் அவரே: கடன் வாங்கிப் பயிர் வைக்கிறவனிடம் கடல் கதை எதற்கு ஐயா? மகசூல் கூடினால் போதாதா?

சரி, கடலை விடுங்கள், காசைப் பார்ப்போம். உங்களுக்கு வேண்டியது கால்சியமும் மெக்னீசியமும். இரண்டும் டோலமைட்டில் இருக்கின்றன. பாசி என்ற பேருக்கு எதற்குக் கூடுதல் விலை? மண் பரிசோதனைக்கு முன்னால் எதையும் கொட்டாதீர்கள். அடுத்த போகம் உருளைக்கிழங்கு என்றால், சுண்ணாம்பு ஏறிய மண்ணில் கிழங்கில் சொறி விழும்.

இன்னொரு கேத்திக்காரர்: அவர் சொல்வதில் என்ன தப்பு? என் தோட்டத்தில் அந்த மூட்டை நன்றாகத்தான் வேலை செய்தது.

செய்யும். சுண்ணாம்பு சுண்ணாம்புதானே! பக்கத்துப் பாத்தியில் டோலமைட் போட்டு ஒப்பிட்டீர்களா? இல்லையென்றால் விவாதம் இத்தோடு போதும்.

கொடைக்கானல் ஆசிரியை: கடலுக்குப் போகாமல் மாணவர்களுக்குக் காட்ட வழி உண்டா?

அரியலூர் போங்கள். பழைய கடலடி அங்கே சுண்ணாம்புக்கல்லாகக் கிடக்கிறது. அந்தப் பக்கத்து நினியூர் பாறை அடுக்குகளின் பாசிப் படிமங்களை எல். ராமராவ், ஜூலியஸ் பியா என்ற ஆய்வாளர்கள் 1936-இலேயே விவரித்துவிட்டார்கள். வெட்டிய கல்லை நனைத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். குவாரியில் முன்அனுமதி கேளுங்கள்.

ஊட்டி வாசகர்: எங்கள் கல்சுவரில் சிவப்பாக...

பச்சைப்பாசி.