கடலூர் மத்திய சிறைக்குள் கேமரா கொண்டுபோய் ஆவணப்படம் எடுக்க அனுமதி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் லேசில் இல்லை. உள்துறை அமைச்சகம் 2015இல் அனுப்பிய அறிவுரைப்படி, ஆவணப்படத்துக்காகத் தனியாரைச் சிறைக்குள் விடுவது விதிவிலக்குதான். 1 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கேட்பார்கள். எடுத்த காட்சிகளை அதிகாரிகள் பார்ப்பார்கள். வெளியிடத் தடையில்லாச் சான்றும் வேண்டும். அப்புறம் அது யாருடைய படம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், சிறை இருக்கும் கேப்பர் மலையில், அதன் வாசலுக்கு வெளியே தொடங்குங்கள். மனு போட்டுக் கைதிகளைப் பார்க்க வந்தவர்கள் ஒரு கையில் ஆதார் நகலும் மறு கையில் பிஸ்கட் பையுமாக நிற்பார்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தும் பிணைக்கு ஆள் இல்லாமல் உள்ளே கிடப்பவர்களின் கதை இந்த வரிசையில்தான் கிடைக்கும். பேசுபவர் கேட்டால் முகத்தை மறைத்துவிடுங்கள்.

பாரதியும் 1918இல் புதுச்சேரியிலிருந்து வெளியேறியதும் கைதாகிக் கடலூரில்தான் அடைபட்டார். படத்தில் அதற்கு அரை நிமிடம் போதும்.