சங்கக் கணக்கைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டா?

கேள்வி: மொத்தக் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி நான். எங்கள் சங்கத்தில் 140 பேர். தினமும் கூலியில் ஆளுக்கு 10 ரூபாய் பிடிக்கிறார்கள். சங்கக் கட்டடத்துக்கு என்று தலைக்கு 2,000 ரூபாய் வேறு வாங்கினார்கள். கட்டடமும் வரவில்லை, கணக்கும் காட்டவில்லை. தேர்தலுக்கு வேன் பிடித்ததும் சங்கப் பணத்தில்தான். கேட்டால் "நாளையிலிருந்து உனக்கு லோடு கிடையாது" என்கிறார்கள். லேபர் ஆபீஸ் வாசலில் ஒருவர், 15,000 ரூபாய் கொடுத்தால் சங்கத்தையே முடக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆள் அதிகபட்சம் ஒரு மனு எழுதி, கீழே உங்கள் கையெழுத்தை வாங்குவார். அதை நீங்களே வெள்ளைத்தாளில் எழுதலாம். இப்படிப்பட்டவர்களில் சிலர் மனுவின் நகலை அன்று மாலையே சங்கச் செயலாளரிடம் காட்டி, அங்கேயும் ஒரு தொகை வாங்கிவிடுவார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதிவுபெற்ற சங்கம் என்றால் அதன் கணக்குப் புத்தகங்களைப் பார்க்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலேயே இது இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம். 2020-இல் நிறைவேற்றிவிட்டு ஐந்து ஆண்டு கிடப்பில் போட்டு, 2025 நவம்பர் 21-இல்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டப்படி பதிவான சங்கம் புதிய சட்டத்திலும் பதிவானதாகவே கருதப்படும். அதனால் "சட்டம் மாறிப்போச்சு, இனி கணக்குக் காட்ட வேண்டியதில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் ஒன்று: கோபத்தில் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள். நேர்மையாகக் கேள்வி கேட்கிறவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். உரிமை உறுப்பினருக்குத்தான். நீங்கள் நிறுத்தினால், பாக்கி வைத்தார் என்று துணைவிதியைக் காட்டிப் பெயரை அடித்துவிடுவார்கள். அதற்காகவே காத்திருப்பவர்களும் உண்டு. கட்டுங்கள், ரசீது கேளுங்கள். ரசீது தராவிட்டால் தேதி, தொகை, வாங்கியவர் பெயரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். செயலாளரின் சொந்த எண்ணுக்கு ஜிபேயில் அனுப்பச் சொன்னால் அனுப்பிவிட்டு, அந்தப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அடுத்து, செயலாளருக்கு ஒரு கடிதம். பத்துப் பதினைந்து பேராகக் கையெழுத்துப் போடுங்கள். ஒற்றை ஆளாகப் போனால் லோடு மறுப்பது சுலபம், பதினைந்து பேருக்கு மறுத்தால் சந்தையே நின்றுவிடும். "எல்லாக் கணக்கும் வேண்டும்" என்று எழுதினால் பதில் வராது. கடந்த ஆண்டின் வரவு செலவுப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், கட்டட நிதிக்கான பொதுக்குழுத் தீர்மானம் ஆகிய மூன்றை மட்டும் பார்க்க நாள் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

பதில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் ஆண்டுதோறும், தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கையைத் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் தொழிலாளர் துறையிடமிருந்து வாங்கலாம். மனுவைச் சங்கத்துக்கு அனுப்பாதீர்கள், துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், பக்கத்துக்கு 2 ரூபாய். உறுப்பினர்தான் கேட்க வேண்டும் என்றில்லை. உங்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்றால் வேறு ஊரில் இருக்கும் மைத்துனர் பெயரில் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், சலித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

நகல் வந்ததும் ஒரே ஒரு கணக்குப் போடுங்கள். 140 பேர், தினம் 10 ரூபாய், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 4,20,000 ரூபாய். துணைவிதியில் மாதச் சந்தா 10 ரூபாய் என்று இருந்தால், அறிக்கையில் வெறும் 16,800 ரூபாய்தான் வரவு இருக்கும். தினப் பிடித்தம் அதில் இருக்காது. ஆடிட்டர் கையெழுத்தும் இருக்கும், காட்டிய புத்தகம்வரை அது சரியான கணக்காகவும் இருக்கும். இந்த இடைவெளிதான் உங்கள் ஆதாரம்.

தேர்தல் வேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இதில் இரண்டு பக்கமும் குழப்புவார்கள். சங்கம் அரசியலே பேசக் கூடாது என்பது தவறு. அரசியல் காரியங்களுக்கும் செலவு செய்யலாம், ஆனால் அதற்கென்று தனி நிதி வைத்து, தனியாக வசூலித்து, அதிலிருந்துதான் செய்ய வேண்டும். பொது நிதியில் கை வைக்கக் கூடாது. அந்தத் தனி நிதிக்குக் கொடுக்க உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. கொடுக்கவில்லை என்பதற்காகச் சலுகையை நிறுத்தவும் முடியாது. தலைவர் தன் கைக்காசில் வேன் பிடித்தால் அது அவர் விருப்பம். பிடித்தக் காசில் பிடித்தார் என்றால், எந்தக் கட்சிக்கு என்பது முக்கியமே இல்லை, தவறு தவறுதான்.

இனி, பதிவாளர் என்ன செய்வார்? புகார் வந்தால் புத்தகங்களைக் கேட்டு ஆய்வு செய்ய அவருக்கு அதிகாரம் இருக்கிறது. அதைத் தானாக எடுத்துப் பயன்படுத்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய சட்டத்தில், அறிக்கை தராவிட்டால் அபராதம் 5 ரூபாயாக இருந்தது. தொடர்ந்து தராமலே இருந்தாலும் மொத்தம் 50 ரூபாயைத் தாண்டாமல் இருந்தது. ஒரு டீ, வடைச் செலவுக்கு யார் பயந்தார்கள்? பதிவையே ரத்து செய்யுங்கள் என்றும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். ரத்தானால் தலைவருக்கு ஒன்றும் போகாது. உங்களுக்குத்தான் நாளைக் கூலி பேச ஆள் இருக்காது. வாசலில் நிற்பவர் "முடக்கித் தருகிறேன்" என்றது இதைத்தான்.

நிர்வாகம் பற்றிய தகராறை உறுப்பினர்களே நேரடியாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகப் புதிய சட்டம் வழி விட்டிருக்கிறது. கட்டட நிதி தனி ஆள் கணக்குக்குப் போயிருப்பது பாஸ்புக்கிலோ ஜிபே பதிவிலோ தெரிந்தால் அது நம்பிக்கை மோசடி, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். 2,80,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஆனால் கையில் நகல்கள் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள், "சங்கத் தகராறு, பேசி முடிச்சுக்கோங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.